ஒரு ஓட்டின் சொந்தக்காரர்கள்

எங்கள் மாமாவுக்கு அந்தத் தெரு வைத்த பெயர் டெபாசிட். அவர் இருக்கிற கட்சி தேர்தலுக்குத் தேர்தல் டெபாசிட்டைப் பறிகொடுத்ததால் வந்த பெயர். கூப்பிடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். என் அக்காவுக்கு மட்டும் சுருக்கென்றிருக்கும். கட்டின புருஷனை ஊர் கேலி பேசினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்?

மாமாவுக்குத் தொழில் கருகின மோட்டாருக்குக் காயில் கட்டுவது. அந்தத் தெருவில் அதற்குப் பஞ்சமே வராது. குழாயில் தண்ணீர் இருக்காது, மோட்டார் காற்றை இழுத்து இழுத்துச் சூடாகும். மின்சாரமோ நினைத்தால் ஏறும், நினைத்தால் இறங்கும். அப்புறம் கருகாமல் என்ன செய்யும்? "ஆட்சியை ஏன் மாமா திட்டறீங்க, உங்களுக்குச் சோறு போடறதே அதுதானே" என்று நான் சீண்டுவேன். "அதான்டா மாப்ளே எனக்கு வெட்கமா இருக்கு" என்பார்.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடவே வசவையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருபத்தைந்து வருஷமாக ஒரே கட்சிதான் ஆட்சியில். தகப்பன் சட்டசபைக்குப் போய் உட்கார்ந்து எழுந்து, இப்போது மகன் போய் உட்கார்ந்திருக்கிறான். குழாய் பதிக்கத் தோண்டின ரோடு மட்டும் தோண்டினபடியே கிடக்கிறது. தையல்காரர் திட்டுவார், பால்காரர் திட்டுவார், ஓய்வுபெற்ற வாத்தியார் இலக்கணம் பிசகாமல் திட்டுவார். முடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே வரிதான்: "இந்தத் தடவை உங்களுக்குத்தாண்ணே."

மாமா பதில் சொல்ல மாட்டார். செப்புக் கம்பியைச் சுற்றும்போது உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருப்பார். சுற்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்காது. இடி விழுந்தாலும் அவர் எண்ணிக்கை தப்பியதில்லை. தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

எனக்கு அந்தத் தெருவில் ஓட்டு இல்லை, என் வீடு வேறு ஊரில். அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, அந்த ஆராய்ச்சி இப்போது வேண்டாம்.

தேர்தலுக்குத் தேர்தல் அந்தத் தெருவின் வாக்குச்சாவடியில் மாமாதான் கட்சியின் பூத் ஏஜெண்டு. வேறு ஆள் கிடையாது, காசும் கிடையாது. வழக்கமாக முப்பது, நாற்பது ஓட்டு விழும். இந்தத் தடவை கடைக்கு வந்தவர்கள் கொதித்த கொதிப்பைப் பார்த்துவிட்டு, இருநூறு வரும் என்று என்னிடம் சொன்னார். ஜெயிப்போம் என்று சொல்லவில்லை. இருநூறு பேராவது வாயால் சொன்னதைக் கையால் செய்தார்கள் என்றால் போதும், இத்தனை வருஷம் உட்கார்ந்ததற்கு அர்த்தம் கிடைத்துவிடும் என்றார்.

ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் வீடுவீடாக வந்தார். மிரட்டினார் என்று சொன்னால் பொய். அவர் நாக்கில் சர்க்கரை தடவியிருக்கும். பூத் வாரியாகத்தான் எண்ணுவார்கள், இந்த பூத்தில் மட்டும் எப்போதும் கொஞ்சம் ஒழுகுகிறது, இந்தத் தடவை ஒழுகினால் மேலே இருப்பவர்களுக்கு வருத்தமாக இருக்கும் என்றார். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு விஷயத்தை அன்பாக விசாரித்தார். வாத்தியாரிடம் பென்ஷன், தையல்காரரிடம் கடை லைசென்ஸ், பால்காரரிடம் வீட்டுப் பத்திரம்.

மாமா கடையில் இருந்த நேரமாகப் பார்த்து அக்காவிடமும் வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பாப்பா வேலை எப்படிப் போகுதும்மா? கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதில்ல?" என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். பாப்பா அவர்களுடைய ஒரே மகள். வேறு ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ், அவள் ஓட்டும் அங்கேதான். அக்கா இதை மாமாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதே வெகுநாள் கழித்துத்தான்.

ஓட்டுப் பதிவன்று மாமா விடிந்ததும் முதல் ஆளாகப் போட்டுவிட்டு ஏஜெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா வழக்கம்போல வெயில் ஏறுவதற்குள் வந்தாள். ஓட்டுப் போட்டுவிட்டுப் போகும்போது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது அவள் பழக்கம். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். அன்று குனிந்த தலை நிமிராமல் போய்விட்டாள். கண்ணில் வெயில் அடித்திருக்கும் என்று நினைத்தாராம் மாமா.

எண்ணிக்கையன்று அவரை வண்டியில் கூட்டிப்போய் விட்டவன் நான். ஏஜெண்டுகள் கம்பி வலைக்கு இந்தப் பக்கம், எண்ணுகிறவர்கள் அந்தப் பக்கம். எங்கள் பூத் மெஷின் வந்ததும் அதிகாரி ஒவ்வொரு கட்சியாக எண்ணிக்கையைக் காட்டினார். மாமாவின் கட்சிக்கு ஒன்று. சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தரம் காட்டுங்கள் என்று மாமா கேட்டார். அதிகாரி முகம் சுளிக்காமல் இன்னொரு தரம் காட்டினார். ஒன்றுதான்.

வெளியே வந்து வண்டியில் ஏறும்போதுதான் என்னிடம் சொன்னார். அந்த ஒன்று யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மிச்சக் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சேதி எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. தையல்காரர் கடையை விட்டு இறங்கி ஓடிவந்து வண்டியை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாமா காதருகே குனிந்து, "அந்த ஒண்ணு என்னுதுதாண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். நாலு வீடு தள்ளி வாத்தியார். அவரும் அதையே சுத்தத் தமிழில் சொன்னார். பால்காரர் கண் கலங்கிவிட்டார். தெரு முனையிலிருந்து வீடு வருவதற்குள் அந்த ஒரே ஓட்டுக்கு ஏழு சொந்தக்காரர்கள். எனக்கு வண்டியை யார் மேலாவது ஏற்றிவிடலாம் போல இருந்தது. மாமா ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "தெரியும் தெரியும்" என்றார்.

வீட்டில் அக்கா சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். தெரு பேசினது அவள் காதில் விழாமல் இருக்குமா? ஆனாலும் அந்த ஓட்டைத் தன்னுடையது என்று அவள் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நம்ம பூத்துல எத்தனை?"

"ரெண்டு" என்றார் மாமா.

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "ஒண்ணுதான்னு தெருவே சொல்லுது."

"தெருவுக்கு எண்ணத் தெரியாது. நான் கண்ணால பார்த்து எண்ணினேன். ரெண்டு."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். மாமா முடிக்க விடவில்லை. "சாப்பாட்டைப் போடு, ஆறிடும்" என்றார். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போனேன். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

பாப்பாவின் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். மாமா மறுநாளே கடையைத் திறந்தார். மோட்டார்களும் வந்தன, வசவும் வந்தது. அந்தத் தேர்தலில் எத்தனை ஓட்டு என்று யாராவது கிண்டலாகக் கேட்டால், கம்பி சுற்றுகிற கையை நிறுத்திவிட்டு இன்றைக்கும் ரெண்டு என்றே சொல்கிறார். அக்கா பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.