படியேறி வரும் லிஃப்ட் மெக்கானிக்

அந்தக் குடியிருப்பில் அவளைப் பேரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டு ரிப்பேர்காரர் முதல் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் வரை, அவள் நிற்பது தெரிந்தால் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். பழைய லிஃப்ட் கம்பெனியை விரட்டிவிட்டுப் பாதி விலைக்கு வேறொன்றைப் பிடித்து வந்ததும் அவள்தான். நான்கு மாடிக்காரர்களும் கைதட்டினார்கள். அன்றைக்கு அவளும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள், பொய் சொல்வானேன்.

ஆறு மாதம் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. புதுக் கம்பெனியின் மெக்கானிக், தலை நரைத்த மனிதர், மாதாமாதம் கனத்த பையைச் சுமந்துகொண்டு நான்கு மாடியும் படியில் ஏறினார். இறங்குவதும் படியில்தான்.

வேறொரு நாளாக இருந்தால் விட்டிருப்பாள். அன்றைக்குப் பார்த்து அவள் கணவர் இடுப்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறார். வீடோ நான்காவது மாடி.

"ஏங்க, லிஃப்ட் உங்களைக் கடிக்குதா?" என்று மறித்தாள்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரும்மா."

"இவ்வளவு பெரிய மூட்டையோடவா? எந்த டாக்டர் அவரு?"

அவர் சிரித்து மழுப்பினார். அவள் விடுவாளா? மூச்சு வாங்க மொட்டை மாடி மெஷின் அறை வரை பின்னாலேயே போனாள். அவர் கதவைத் திறந்தார், துணியால் இரண்டு தட்டுத் தட்டினார், ஆணியில் தொங்கிய அட்டையில் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது. அவள் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். அடுத்த மாதக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது.

"அடுத்த மாசம் இப்பவே வந்துட்டுப் போயிட்டீங்களா?"

"ஒரு நாளைக்குப் பதினாலு லிஃப்டும்மா. ஒண்ணுக்குப் பதினஞ்சு நிமிஷம். நீங்க பேசின விலைக்கு அவ்வளவுதான். பிரேக்கைக் கழட்டிப் பார்க்கவே ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அப்ப இதுவரைக்கும் கழட்டவே இல்ல?"

"நல்லாத்தான் இருக்கும்மா." கொஞ்சம் நிறுத்தினார். "இருக்கணும்."

கீழே வண்டி வந்து நின்றது. "அம்மா, அப்பா வந்தாச்சு!" என்று மகளின் குரல்.

"வண்டியிலேயே இருங்க! யாரும் லிஃப்ட்ல ஏறாதீங்க!" என்று கத்திவிட்டு மெஷின் அறை வாசலை அடைத்து நின்றாள். "கழட்டுங்க."

"அடுத்த இடத்துக்கு நேரமாச்சும்மா."

"என்னைத் தாண்டிப் போயிடுவீங்களா?"

அவளை மேலும் கீழும் பார்த்தார். நடக்கிற காரியமில்லை. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினார். பிரேக் கட்டை ஒரு பக்கம் தகடாகத் தேய்ந்திருந்தது. அவர் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். அவள் அதையும் வாங்கி நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தாள். அதில் வேறொரு விலாசம் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

"இது யாருக்கு?"

"இப்பப் போகவேண்டிய இடத்துக்கு. அங்க லிஃப்ட் நின்னு ரெண்டு நாளாச்சு. அங்கேயும் உங்களை மாதிரி ஒருத்தங்க பேசித்தான் எங்களைப் பிடிச்சாங்க."

"எத்தனை மாடி?"

"ஆறு."

கீழேயிருந்து மகள் மறுபடி கூப்பிட்டாள். பேரம் அக்கா அந்தச் சீட்டைக் கிழித்துக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

"மாட்டுங்க," என்றாள்.