கழுவிக் காயவைத்த சோளம்

யாழ்ப்பாணத்தில் இப்போதெல்லாம் மாப்பிள்ளை குதிரையில் வராவிட்டால் வீடியோக்காரனுக்கே முகம் கறுத்துவிடும். அந்த ஆடம்பரத்தின் புண்ணியத்தில்தான் றஹீமின் வீட்டில் உலை கொதித்தது. நுவரெலியாப் பந்தயத்தில் ஓடிக் களைத்து, மலிவாகக் கிடைத்த வெள்ளைப் பெண்குதிரை ஒன்றை அவர் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தார். றஹீம் அதை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டால் அவருடைய மனைவி றஹ்மத்தும்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளம் முகாமில் கிடந்த காலத்தில், அவர்களுடைய மூத்தவள் ஜிஹானா மூன்று வயதில் மௌத்தாகியிருந்தாள்.

கார்த்திகை மழையில் கொட்டிலுக்குள் வெள்ளம் ஏறிச் சோளமூட்டை நனைந்தது. வெயில் கண்டு மூட்டையை அவிழ்த்தபோது பூஞ்சணம் படர்ந்திருந்தது. வேறு யாராவது என்றால் கொண்டுபோய்க் கொட்டியிருப்பார்கள். றஹீமுக்குக் கை வரவில்லை. முகாமுக்கு வந்த நிவாரண அரிசியும் இப்படிப் பூத்துப்போய்த்தான் வரும். உப்புத் தண்ணீரில் அலசி, பாயில் காயப்போட்டு, அதைத்தான் எல்லோரும் சமைத்தார்கள். அல்லாஹ் தந்த உணவை எறிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. அதே கைப்பழக்கத்தில் சோளத்தையும் கழுவிக் காயவைத்தார். ஒரு பிடி வாயில் போட்டு மென்றும் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு தினமும் குதிரைக்கு அதையே வைத்தார்.

சில வாரங்களில் மகளுக்குக் கால் தடுமாறியது. முன்னால் இருந்த தண்ணீர் வாளி கண்ணுக்குத் தெரியவில்லை. கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்; பிறகு நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். சுவர் பட்டு அவளுக்கு நோகுமென்று றஹீம் தன் உள்ளங்கையை நடுவில் வைத்துப் பிடித்தார். கொக்குவிலிலிருந்து மிருக வைத்தியர் வித்தியா வருவதற்குள் அவள் விழுந்துவிட்டாள்.

வித்தியா மிச்சச் சோளத்தை அள்ளிப் பார்த்தார். "றஹீம் நானா, இது பூஞ்சணம் பிடிச்சதோ?"

"ஓம் டொக்டர். வடிவாக் கழுவித்தான் குடுத்தன். நானும் திண்டு பாத்தன்."

"பூஞ்சணம் கழுவினாப் போயிடும். அது விட்ட நஞ்சு போகாது. காயவைச்சாலும் அவிச்சாலும் உள்ளுக்கைதான் நிக்கும். குதிரைக்கு அது மூளையை அழிச்சுப்போடும்." குதிரையின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இனிச் செய்ய ஒண்டுமில்லை, நானா" என்றார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே குதிரையின் மூச்சு அடங்கியது. றஹீம் வாய்விட்டு அழுதார்.

வித்தியா புறப்பட்டபோது றஹீம் வாசற்படலைவரை கூடவே போனார்.

"டொக்டர், அரிசியிலையும் உந்த நஞ்சு வருமோ?"

"வரும். இதே மாதிரி வேறை ஒரு பூஞ்சண நஞ்சு அரிசி, சோளம், கச்சான் கடலை எல்லாத்திலையும் வரும்; அதுவும் கழுவினாப் போகாது. மனிசருக்கெண்டால் ஈரலைப் பிடிக்கும்."

"சின்னப்பிள்ளையளுக்கு?"

"அவைக்குத்தான் கூடுதல் ஆபத்து. கண் மஞ்சளாகும், வயிறு வீங்கும். ஏன் நானா, வீட்டிலை ஆருக்கும்...?"

"இல்லை. சும்மா கேட்டன்."

ஜிஹானாவுக்கும் கண் மஞ்சளாகித்தான் இருந்தது. வயிறு ஊதி இருந்தது. செங்கண்மாரி என்று சொல்லி அடக்கம் செய்தார்கள்.

கொட்டிலுக்குள் றஹ்மத்தும்மா குதிரையின் பிடரியைத் தடவியபடி இருந்தாள். அந்த அரிசியைக் குழையக் காய்ச்சி, பிசைந்து, பிள்ளை மாட்டேன் என்றபோதும் கெஞ்சி ஊட்டிய கை அது.

"முகாமிலை நாங்களும் இப்பிடித்தானே கழுவித் திண்டனாங்கள்?" என்று அவள் கேட்டாள். "எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே?"

"ஓம்" என்றார் றஹீம். "ஒண்டும் வரேல்லை."