தங்கச்சியின் முகத்தை வரைந்த அருள்தாஸ் அண்ணன்

அருள்தாஸ் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

தல்லாகுளத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் பதினோரு வருடம் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆனையூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆயில் பெயின்டிங் போடுவார். கேன்வாஸில் இல்லை, கெட்டிப் பேப்பரில்.

"கேன்வாஸ்னா பயமா இருக்கு மாப்ள. பேப்பர்னா சரியா வரலேன்னாக் கிழிச்சுப் போட்டுறலாம்" என்பார்.

என் தங்கை கயல் காய்ச்சலில் இறந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவள் போனில் நூறு செல்பி இருந்தது. எல்லாமே பில்டர் போட்டது.

அதில் ஒன்றை நான் பிரேம் போட்டுக் கொண்டுபோனதை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எம்புள்ள இம்புட்டு வெள்ளையாடா இருந்தா?"

அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் பேசவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் சொன்னார். "அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வா மாப்ள. நான் பாக்காத மொகம்... அவங்கதான் சொல்லணும்."

ஆனால் அவசரத்தில், போனில் இருந்ததைப் பார்த்து முதல் படத்தை வெறும் பேப்பரிலேயே ஆரம்பித்துவிட்டார். பேப்பர் எண்ணெயைக் குடித்து, முகத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். அவரே கிழித்துப்போட்டார்.

அடுத்த வாரம் எண்ணெய் ஊறாமலிருக்க வெள்ளை ப்ரைமர் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, பேப்பரைப் பிளைவுட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். டர்பன்டைனில் கரைத்த பழுப்பு நிறத்தில் மெல்லிசாகக் கோடு இழுத்தார்.

மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்த அம்மா ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று...

"மூக்கு அப்படியில்ல தம்பி."

மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. நான் மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அண்ணன் படத்திலிருந்த மூக்கைத் துணியால் துடைத்து அழித்துவிட்டார். "சொல்லுங்கம்மா, எப்படி இருக்கும்?"

"எனக்கு இருக்கிற மாதிரிதான். கொஞ்சம் சப்பை."

நிறம் கலக்கும்போது அம்மா தன் கையை நீட்டிப் பக்கத்தில் வைத்தாள். "இன்னுங் கொஞ்சம் கறுப்பு. தெனமும் வெயில்ல பஸ்ஸுக்கு நின்ன புள்ள." அண்ணன் மறுபடி கலக்கினார். அப்புறம் மறுபடி.

ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு. எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. காயக் காய, அம்மா கயலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கே தெரியாத கதைகள்...

கண்ணை வரைந்து முடித்த அன்று, ஈரம் காயும் முன்னே கன்னத்தைத் தொட்டுவிட்டாள். விரல் ரேகை பதிந்துவிட்டது. பதறிப்போனாள்.

"இருக்கட்டும்மா. அந்த எடத்துல நான் இனி பிரஷ் வைக்கல" என்றார் அண்ணன்.

ஒரு காது கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அவருக்குக் கடைசிவரை அதில் வருத்தம். அம்மா அதையும் திருத்தவிடவில்லை.

இன்று அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். மறுபடி பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

ஆனால் அவள் சொன்னாள். "நான் பஸ் ஏறி வாரேன். நீ முன்னாடி போ. அந்தப் புள்ள தனியா இருக்கும், அவ அப்பாவப் பத்தி ஏதாச்சும் பேசிக்கிட்டு இரு."

கிளம்பிவிட்டேன்.

போயிட்டு வாங்கண்ணே.