மூன்று தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கண்ணால் பார்க்காத எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.40 முதல் 7.16 வரை என் வீட்டில் நடந்தது சத்தியமாக நடந்தது.

எனக்கும் மச்சானுக்கும், அதாவது என் அக்கா கணவருக்கும், வீடியோ கேம் பைத்தியம். ‘கருங்கோட்டை’ முதல் பாகத்தைச் சேர்ந்து ஆடி முடித்து ஏழு வருடம் ஆகிறது. இரண்டாம் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று தண்ணி காட்டிவிட்டு, ஒருவழியாக அந்த வாரம் கடைக்கு வந்தது. ஆளுக்கு ஒன்று வாங்கினோம். அவர் வீட்டில் அவர், இரண்டு தெரு தள்ளி நான். ஆன்லைனில்தான் எப்போதும் ஜோடி சேருவோம். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மாலைதான் ஓய்வு. அதுவரை யாரும் தொடக் கூடாது என்று ஒப்பந்தம்.

சண்டைக் கட்டம் வந்தால் மச்சான் காது கிழியக் கத்துவார். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். சண்டையில் பேச்சே கிடையாது, மைக்கில் விரலால் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் அடி. இரண்டு என்றால் பின்வாங்கு. மூன்று என்றால், நான் விழுந்துவிட்டேன், வந்து தூக்கு.

அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. அக்கா பயிற்சிக்காக வெளியூர் கிளம்பும்போது என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

“ஊசி போட்டா அரை மணிக்குள்ள அவர் சாப்பிடணும். இல்லேன்னா சுருண்டு விழுந்துடுவார். அந்தச் சனியன் பிடிச்ச கேம் கைக்கு வந்தா சோறு தண்ணி மறந்துடுவார். நீதான்டா பொறுப்பு.”

“நான் பாத்துக்கறேன், நீ போ” என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

மணி 6.40. திரையில் அவருடைய பெயர் எரிந்தது. ‘புலிக்குட்டி’. ஐம்பது வயது ஆளுக்கு வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்.

“மச்சான், சாப்பிட்டீங்களா?”

பதில் இல்லை. ஆள் ஆர்வத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு அலட்சியத்துக்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

முதல் கோட்டை வாசலிலேயே ஒரு அரக்கன். மலை மாதிரி நின்றான். நடுவில் நிறுத்த முடியாது, சேமிக்கவும் முடியாது. தோற்றால் முதலிலிருந்து வர வேண்டும். ஐந்து தடவை செத்தேன்.

மச்சான் ஒரு தடவைகூடச் சாகவில்லை.

அப்போதுதான் ஏதோ உறுத்தியது. மச்சான் முரட்டு ஆட்டக்காரர். முன்னே பாய்ந்து முதலில் விழுவதே அவர்தான். அன்று என் பின்னாலேயே நின்றார். என் முதுகைப் பார்த்தபடி... அடிக்கவே இல்லை.

ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன். அவருக்கு எப்போதும் மூச்சு இரைக்கும். மின்விசிறி கடகடவென்று ஓடும். அன்று ஒன்றுமே கேட்கவில்லை.

7.12. ஆறாவது முயற்சி. அரக்கனின் உயிர் கால்வாசிதான் பாக்கி.

டொக்... டொக்... டொக்...

மூன்று தட்டு.

திரும்பிப் பார்த்தேன். மச்சானுடைய ஆள் நிமிர்ந்து நிற்கிறான். உயிர் முழுசாக இருக்கிறது. விழவே இல்லை.

“நல்லாத்தானே நிக்கறீங்க? விளையாடாதீங்க மச்சான்!”

டொக்... டொக்... டொக்...

அவன் அரக்கனுக்கு முதுகைக் காட்டினான். மெல்ல நடந்து சுவர் ஓரமாகப் போனான். அரக்கன் வாளை வீசினான். வாள் அவன் உடம்புக்குள் புகுந்து வெளியே வந்தது.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஆட்டத்தை விட மனசு வரவில்லை. ஏழு வருடக் காத்திருப்பு... இன்னும் நாலு அடி போதும்...

“பொறுங்க மச்சான், இவனை முடிச்சிட்டு வரேன்!”

டொக்... டொக்...

மூன்றாவது தட்டு வரவில்லை.

7.16. அரக்கன் விழுந்தான். ஜெயித்துவிட்டேன். திரும்பினால், சுவர் ஓரத்தில் யாரும் இல்லை. திரையில் என் பெயர் மட்டும்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. அக்கா சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கதவு உள்பக்கம் தாழ். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து தோள் கொடுத்தார். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

சமையலறைத் தரையில் கிடந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வலது கையில் கத்திரிக்கோல்.

உயிர் இருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆள் இல்ல. இந்த மாதிரி மயக்கத்துல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். சேதி கேட்டு ராத்திரியே ஊர் திரும்பிய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நாலு நிமிடத்தைப் பற்றி நான் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. மச்சானுக்கு இடது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

மறுநாள் அவருக்கு மாற்றுத்துணி எடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். டிவி பக்கத்தில் ‘கருங்கோட்டை’ இரண்டாம் பாகத்தின் பெட்டி இருந்தது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. டிவி பிளக்கும் சுவரில் சொருகப்படவில்லை.

மூன்றாம் நாள்தான் மச்சான் தெளிவாகப் பேசினார்.

“ஊசி போட்டேன் மாப்ளே. கவரைப் பிரிச்சு வெச்சுட்டு சாப்பிடலாம்னு கத்திரிக்கோல் எடுக்கப் போனேன். அதோட சரி.”

“பேசாதீங்க, தூங்குங்க.”

அக்கா வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்குடா. தரையில கிடக்கறப்ப உன் குரல் கேட்டுது. என் காதுகிட்டயே. ‘பொறுங்க மச்சான், இவனை முடிச்சிட்டு வரேன்’னு சொன்னே.”

நான் தலை நிமிரவில்லை.

“யாரை மாப்ளே முடிச்சே?”