பாட்டிலில் என் பெயர்

எங்கள் தெரு மாதர் சங்கத்தில் லுவாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே காளான் வளர்த்து முன்னுக்கு வந்தவள், மற்ற பெண்களுக்கு முன்மாதிரி, இத்யாதி. ஓரகத்தியைப் பற்றி ஓரகத்தியிடமே எழுதித் தரச் சொன்ன புத்திசாலி யார் என்று தெரியவில்லை. நான் உள்ளதை எழுதுகிறேன். அது எத்தனை பக்கம் வந்தாலும் அவர்கள் பாடு.

லுவா என் கணவர் வின்னுடைய அண்ணன் மனைவி. இரண்டு பேரும் ஒரே வருடம்தான் பாவோ லொக் என்ற இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு முற்றம். இரண்டு வீட்டிலும் பட்டுப்புழு. புழு வளர்ப்பவளுக்கு நின்றுகொண்டுதான் சோறு என்பார்கள் இங்கே. பத்து வருடம் இருவரும் நின்றுகொண்டே தின்றோம். அப்போதெல்லாம் எனக்கு அவள்மேல் ஒரு பொறாமையும் கிடையாது. அவள் கூடுகளைவிட என் கூடுகள் கனமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வினை என் தோட்டத்திலேயே முளைத்தது. மழை விட்ட ஒரு காலையில் எனக்கு ஒத்தாசையாக மல்பெரி இலை பறிக்க வந்தவள் திடீரென்று கத்தினாள்.

"தோவா, மிதிச்சிடாதே! நில்லு!"

"பாம்பா அக்கா?"

"பாம்பா இருந்தா உன்கிட்ட சொல்லிக்கிட்டா நிப்பேன்? எப்பவோ ஓடியிருப்பேன்."

வேலியோரம் ஈரமண்ணில் செம்மஞ்சளாக விரல்நுனி அளவு ஏதோ நின்றது. அப்படிப்பட்டதை நான் எத்தனையோ முறை மிதித்துத் தாண்டியிருக்கிறேன். அவள் மண்டியிட்டு, கொண்டை ஊசியை உருவி, சுற்றிலும் மண்ணைக் கிளறினாள். அடியில் ஏதோ ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு, செத்து விறைத்துக் கிடந்தது. அதன் தலையிலிருந்துதான் அந்தச் செம்மஞ்சள் கிளம்பியிருந்தது.

"நுனியைத் தடவிப் பாரு, சொரசொரன்னு இருக்கா? அடியில புழு இருக்கா? ரெண்டும் இருந்தா இது புழுக்காளான். கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு யானை விலை விக்கிறானே, அதேதான். புழு இல்லேன்னா வேற ஏதோ கண்ட காளான்."

"புழுவைத் தின்னு வளர்ற சனியன் என் தோட்டத்துல எதுக்கு? எடுத்துட்டுப் போ, அக்கா."

அந்த வாயை அன்றைக்கே ஊசி போட்டுத் தைத்திருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வருடம் அந்தக் காளானை வளர்க்க லுவா பாட்டில்களோடு மல்லுக்கட்டினாள். சிவப்பரிசி, அரைத்த கூட்டுப்புழு, இளநீர் எல்லாம் கலந்து, குக்கரில் வேகவைத்து, ஸ்பிரிட் விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு விதை போடுவாள். நான்கு நாளில் பச்சைப் பூஞ்சணம் பூக்கும், அல்லது கறுப்பு. கூடை கூடையாகக் கொட்டினாள். அவள் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த இரண்டு வருடமும் நான் அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தேன். தோற்கிறவளுக்கு ஆறுதல் சொல்வது மாதிரிச் சுகம் வேறில்லை.

மூன்றாம் வருடம் காளான் வந்தது. பத்து நாள் இருட்டில் வெள்ளையாகப் படர்ந்து கிடந்த பாட்டில்களை வெளிச்சத்தில் வைத்தாள். வெள்ளை மெல்ல மஞ்சளாகி, மஞ்சள் செம்மஞ்சளாகி, பாட்டிலுக்குள் நெருக்கமாகக் குச்சி குச்சியாக எழுந்து நின்றது. ஊரே வந்து பார்த்தது. நானும் பார்த்தேன். "நல்லா வந்திருக்கு அக்கா" என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு வாங்குகிறவர்கள் வாசலில் நின்றார்கள். லுவா புழு வளர்ப்பை விட்டுவிட்டாள், உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். காளான் அறைக்கு ஏசி வந்தது. பூஞ்சணத்துக்கு ஏசி! என் வீட்டில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் வின் படுக்கும் பக்கமே திரும்பி நிற்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவள் ஒரு சட்டம் போட்டாள். புழு வளர்க்கும் வீட்டிலிருந்து யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது. அவள் என் வீட்டுக்கு வருவதானால் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வருவாள்.

"ரெண்டும் கலக்கக்கூடாதுடி தோவா. புழுவைக் கொல்றது எதுன்னு கண்ணுக்குத் தெரியாது" என்பாள்.

என் காதில் அது "உன் கால் என் அறையில் படக்கூடாது" என்றுதான் விழுந்தது. என் தோட்டத்துச் சரக்கு, எனக்கே வாசல்படி தாண்ட அனுமதி இல்லை.

போன மழைக்காலத்தில் மாமனாரின் நினைவு நாள் வந்தது. மூத்த மகன் வீட்டில்தானே படையல். இளைய மருமகள் போய் அடுப்படியில் வேக வேண்டும். படையலுக்கு எலுமிச்சை இலை போட்டுக் கூட்டுப்புழு வறுத்துக்கொண்டிருந்தேன்.

"தோவா, மீன் சாறு தீந்துபோச்சு. உள் அலமாரியில புதுசு இருக்கு, எடுத்துட்டு வாடி" என்று லுவா கூப்பிட்டுச் சொன்னாள்.

அலமாரிக்குப் பக்கத்தில்தான் காளான் அறை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வரிசை வரிசையாகச் செம்மஞ்சள். கீழ்த்தட்டில் தனியாக, கறுப்புத் துணி போர்த்தி ஒரே ஒரு பாட்டில். துணியை விலக்கினேன். உள்ளே பால்வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஒட்டியிருந்த சீட்டில் லுவாவின் கையெழுத்தில் "தோவா" என்று இருந்தது, கீழே ஒரு தேதி.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். என் தோட்டத்தில் எடுத்த தாய்வித்து இதுதான். இதிலிருந்துதான் அத்தனை பாட்டிலும் வருகிறது, அதனால்தான் மூடி ஒளித்து வைத்திருக்கிறாள். என் பெயர் எழுதிய பொருளை நான் எடுத்தால் அது எப்படித் திருட்டாகும்? கூடையில் வைத்து, படையலில் மிஞ்சிய பலகாரப் பொட்டலத்தால் மூடினேன். பொட்டலத்தைக் கட்டித் தந்தவள் லுவாதான். கூடை கனக்கிறதே என்று முற்றம் வரை தூக்கிக்கொண்டு வந்தவளும் அவளே.

என் வீட்டில் நல்ல டியூப்லைட் இருப்பது புழு அறையில் மட்டும்தான். அங்கே, சுண்ணாம்பு மூட்டைக்கு மேலிருந்த பலகைத் தட்டில் பாட்டிலை வைத்தேன். புழுக்கள் தோலுரிக்கும் மூன்றாம் தூக்கம் முடித்து இலையை மொய்த்துக்கொண்டிருந்தன. தினமும் மூடியைத் திறந்து, சிவக்கிறதா என்று பார்ப்பேன். சிவக்கவில்லை. ஆறாம் நாள் வெள்ளைக்கு மேல் மாவு தூவினாற்போல ஆனது. பூக்கப் போகிறது என்று நினைத்து, மாவை ஊதிவிட்டுக்கூடப் பார்த்தேன்.

இன்னும் மூன்று நாளில் கூடு கட்ட வேண்டிய புழுக்கள் அவை. காலையில் இலை போடப் போனால் தட்டில் சத்தமே இல்லை. புழு இலை தின்னும் சத்தம் மழை மாதிரி கேட்கும். அன்று அறை செத்துக் கிடந்தது. ஒன்றைத் தொட்டேன், விறைப்பாக இருந்தது. இரண்டு நாளில் எல்லாப் புழுக்கள்மேலும் வெள்ளை மாவு பூத்துவிட்டது. சுண்ணாம்பு நோய். புழு வளர்க்கிறவர்கள் வாயால் சொல்லவே பயப்படும் பெயர்.

வின் முற்றத்தில் நின்று கத்தினார். "பூஞ்சணத்தை வளக்காதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்! சுவரைத் தாண்டி வந்து எங்க வயித்துல அடிச்சிருச்சு! இன்னைக்கு எங்க வீடு, நாளைக்கு யார் வீடோ!"

தெருவில் பாதி வீட்டில் புழு. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. காளான் அறையைப் பூட்டு என்று ஒரு குரல் கேட்டது. கேட்க எனக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். என் தட்டுகள் செத்தாலும் அவள் பாட்டில்களும் போகுமே.

லுவா வந்தாள். அந்த அவசரத்திலும் குளித்து, துணி மாற்றி, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தாள். ஒரு புழுவை எடுத்து ஒடித்தாள். சாக்குக்கட்டி மாதிரி பட்டென்று முறிந்தது. பிறகு நிமிர்ந்து பலகைத் தட்டைப் பார்த்தாள். சுண்ணாம்பு மூட்டைக்கு மேல், டியூப்லைட்டுக்கு அடியில், அவள் கையெழுத்தில் என் பெயர்.

"இது..." என்றாள் மெதுவாக. "போன தடவை உன் தட்டுல நாலு புழு விறைச்சுக் கிடந்துச்சே, அதுல ஒண்ணை எடுத்துப் போட்டு வளத்தேன். சுண்ணாம்பு நோய்தானா, தண்ணியில எத்தனை பங்கு சுண்ணாம்பு கலந்து விட்டா அந்தக் கிருமி சாகுதுன்னு பாத்து உனக்குச் சொல்லலாம்னு. அதான் உன் பேரை எழுதினேன்."

பாட்டிலைத் தோளில் கிடந்த துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்ற கூட்டத்திடம் சொன்னாள்: "தப்பு என்னுதுதான். இந்த விஷத்தை வீட்டுல வச்சு வளத்தவ நான். என்னால வந்த வினை. அறையைப் பூட்டிடறேன்."

கூட்டத்தில் ஒரு கிழவர், "எவ்வளவு நேர்மையான பொம்பளை!" என்றார்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. காளான் அவளுக்கு, ஏசி அவளுக்கு, உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு. இப்போது நல்லவள் என்ற பெயரையும் அவளே வாங்கிக்கொண்டு போவதா? அதுவும் என் திருட்டை வைத்து?

"பொய்!" என்று கத்தினேன். "அவ ஒண்ணும் பண்ணல. அந்த பாட்டிலைத் திருடினது நான். திறந்து திறந்து ஊதினது நான். என் புழுவைக் கொன்னது நான்தான்!"

இதைக் கேட்டு, தோவாவும் நேர்மையானவள்தான் என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. வின் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். லுவாவின் அறை பூட்டப்படவில்லை.

மறுநாள் செத்த புழுக்களை எல்லாம் எரித்தோம். ஒரு வாரம் தட்டு தட்டாகச் சுண்ணாம்புத் தண்ணீரில் தேய்த்தோம். தேய்த்தோம் என்றால், நானும் அவளும். கை வெந்து தோல் உரிந்தது. கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு லுவாதான் வாயைத் திறந்தாள்.

"ஏண்டி, கேட்டிருந்தா நல்ல வித்தாவே குடுத்திருப்பேனே?"

"தெரியும்" என்றேன். "அதனாலதான் கேக்கல."