காபி தராத பயணம்

விமானத்தில் கேபின் க்ரூவாகப் பல வருஷம் பறந்துவிட்டு, இப்போது பெங்களூரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே அவர்கள் கேட்பது தீ விபத்தையும் கடத்தலையும் பற்றித்தான். இரண்டையும் நான் பார்த்ததில்லை. என் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது காபி.

1. சுத்தமான வானம்

குளிர்காலம். பெங்களூரிலிருந்து காட்மாண்டுக்குக் காலை விமானம். நான் கேபின் இன்-சார்ஜ். கேப்டன் நஞ்சப்பா மைசூர்க்காரர், அளந்துதான் பேசுவார். கிளம்பும் முன் நடக்கும் பிரீஃபிங்கில் சொன்னார்:

"ரோஸ்லின், இன்னிக்கு மேல காத்து ஜாஸ்தி. ஸ்வல்ப முன்னாடியே பெல்ட் சைன் போட்டுடுவேன். கங்கை வர்றதுக்குள்ள ட்ராலி எல்லாம் லாக் ஆயிடணும். சூடா எதுவும் குடுக்க வேண்டாம்."

ஆற்றில் பாறை மேல் ஏறி இறங்கும் தண்ணீர், பாறையைத் தாண்டியும் கொஞ்ச தூரம் குதித்துக்கொண்டே போகும். மலையைத் தாண்டும் காற்றும் அப்படித்தான். அதற்கு மவுண்டன் வேவ் என்று பெயர். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் ஜெட் ஸ்ட்ரீம் என்கிற வேகக் காற்றும் ஓடும். இந்தக் குலுக்கலுக்கு மேகம் வேண்டியதில்லை. விமான மூக்கில் இருக்கும் ரேடாருக்கு மழைத்துளி தெரியும். வெறும் காற்று தெரியாது.

இதையெல்லாம் நான்காவது வரிசைக்காரரிடம் எப்படிச் சொல்வது? ஒயிட்ஃபீல்டில் ஏதோ கம்பெனி மேனேஜர். தன் டீமையே டூர் அழைத்துப் போகிறார்.

"மேடம், ஜன்னல்ல பாருங்க. ஒரு மேகம் இருக்கா? எதுக்கு எங்களக் கட்டிப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"மேல காத்து சரியில்ல சார்."

"எங்க? கண்ணுக்குத் தெரியலயே."

"அதான் சார் பிரச்சினை."

அவருடைய டீம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கேப்டன் உயரத்தைக் குறைத்து, காற்று கம்மியான இடமாகப் பார்த்து ஓட்டினார். மண் ரோட்டில் பஸ் போகிற மாதிரி கொஞ்சம் அதிர்ந்தது, அவ்வளவுதான். இறங்கும்போது அந்த மேனேஜர் வாசலில் நின்று, "ஒண்ணுமே ஆகலயே," என்றார். குரலில் நிஜமாகவே ஏமாற்றம் இருந்தது.

புகார் எனக்கு முன்னால் பெங்களூர் வந்து சேர்ந்தது. தேவையில்லாத பீதி, காபி இல்லை, எதிர்த்துப் பேச்சு. எங்கள் மேலதிகாரி பிரசாத் சார் நல்லவர். ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதான் ரோஸ்லின். ஆனா ஒண்ணும் ஆகலயே. கஸ்டமருக்கு நான் என்ன பதில் எழுதறது?"

"ஒண்ணும் ஆகலன்னே எழுதுங்க சார்."

அந்தப் பதிலுக்காக என்னை உபசரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிரித்த முகத்தோடு 'இல்லை' சொல்வது எப்படி என்று என் வயதில் பாதிகூட ஆகாத ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகத்தான் நடத்தினாள்.

2. கேட்டவர்களுக்கெல்லாம் காபி

அதே குளிர்காலம், அதே ரூட், வேறு கேப்டன். அன்றைக்குக் காற்று லேசாக இருக்கும் என்றுதான் ரிப்போர்ட். எங்களுக்கு முன்னால் போன விமானமும் வழி சரியாக இருப்பதாகவே சொல்லியிருந்தது. கேப்டன் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

என்னோடு ஒரே பேட்சில் சேர்ந்த சாந்தி பின்பக்கம் இருந்தாள். பெங்களூர் ஈஜிபுராக்காரி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"இன்னிக்காவது எல்லாருக்கும் காபி குடுத்துடலாம்டி. இன்னொரு கோர்ஸுக்கு உன்ன அனுப்புனா அந்தப் பொண்ணுதான் பாவம்."

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். நான் விமானத்தின் முன்பக்கச் சமையல் தடுப்பில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பனிமலை வரிசை படம் மாதிரி நின்றது. திடீரென்று காலுக்கடியில் தரை இல்லை. அங்கிருந்த கைப்பிடியைப் பிடித்திருந்ததால் நான் தொங்கினேன். பின்னாலிருந்து ட்ராலி விழும் சத்தமும் அதற்கு மேல் ஒரு அலறலும் கேட்டன.

சாந்தி கூரையில் மோதி, சீட் கைப்பிடி மேல் கால் மடங்கி விழுந்திருந்தாள்.

நான் ஓடப் பார்த்தேன். ஸ்பீக்கரில் கேப்டன் குரல்: "க்ரூ எல்லாரும் உக்காருங்க. யாரும் நடக்கக் கூடாது."

உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. "ரோஸி, கால்... ரோஸி," என்று அவள் கூப்பிடுவது கேட்டது. கடைசி வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் பெல்ட்டோடு குனிந்து, அவளைத் தங்கள் காலடிக்கு இழுத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் செய்யவேண்டியதை அவர்கள் செய்தார்கள். ரூலை மீறி எழுந்திருந்தால் நானும் அவள் பக்கத்தில் உடைந்து கிடந்திருப்பேன். அது புத்திக்குத் தெரியும். அந்த நேரத்தில் புத்தி பேசியதை மனது கேட்கவில்லை.

அடங்கியதும் போய்க் காலை அசையாமல் கட்டினோம். காட்மாண்டுவில் அவளை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள்.

3. கேக்

இந்த விமானத்துக்குப் புகாரே வரவில்லை. பாராட்டுதான் வந்தது. என்ன தைரியம், என்ன சேவை, குலுக்கலுக்கு முன்னால் கொடுத்த காபிகூட பிரமாதம். ஆபீஸில் பிரசாத் சார் எல்லோரையும் நிற்கவைத்துப் படித்துக் காட்டினார். கேக் வெட்டினார்கள். என் கையில்தான் கத்தியைக் கொடுத்தார்கள்.

ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, பெங்களூர் திரும்பியிருந்த சாந்தியைப் பார்க்கப் போனேன். காலில் பிளேட் வைத்துக் கட்டியிருந்தது. கேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காபி குடுக்காம ஒழுங்கா கொண்டுபோய் சேத்தா கோர்ஸ். கால ஒடச்சிக்கினா கேக்கா? நல்ல கம்பெனிடி."

"சாப்பிடு."

"மொட்டை இருக்குதா இதுல?"

கன்னடத்தில் முட்டைக்கு அதுதான் பேர். இருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு அவள் பறக்கவில்லை. ஏர்போர்ட்டில் கிரவுண்ட் டியூட்டிக்கு மாறிவிட்டாள்.

வகுப்பில் நான் சொல்வது இதுதான். பெல்ட் சைன் போட்டால் ட்ராலியைக் கட்டுங்கள், நீங்களும் உட்காருங்கள். சைன் இல்லாவிட்டாலும் ஒரு கை எதையாவது பிடித்திருக்கட்டும். நீங்கள் தடுத்தது நடக்காது. நடக்காததால் யாரும் நம்பமாட்டார்கள். அதற்காகத் திட்டும் வாங்குவீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நான் திட்டு வாங்கிய நாளில் எல்லோரும் தங்கள் காலால் நடந்து இறங்கினார்கள்.