குதிரைகள் உதவி

எங்கள் வீட்டில் மின்சார மீட்டருக்குக் கீழே ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு தோல்பட்டை தொங்குகிறது. குதிரையின் கழுத்தில் கட்டுகிற சலங்கைப் பட்டை. பன்னிரண்டு மணிகள் இருந்தன, இப்போது ஏழு. தூத்துக்குடி உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்துவிட்டது. வெள்ளையடிக்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இதத் தூரப் போட்டுறட்டுமா?" என்று கேட்பார். நான் முறைப்பேன். அவர் திரும்ப மாட்டிவிடுவார். உங்கள் குடும்பத்தில் குதிரை வளர்த்தார்களா என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு முழு நீளத் தமிழ்ப் படத்தில் பாதியை நான் இயக்கினேன் என்பதற்கு என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

மறு பாதியை இயக்கியவன் போன மாதம் சென்னையில் இறந்துபோனான். பேப்பரில் கால் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். அவனை இங்கே டைரக்டர் என்றே எழுதுகிறேன். மரியாதையால் அல்ல. ஷூட்டிங் தொடங்கிய முதல் நாள் அவன் என்னைத் தனியாக ஒரு பனைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "ஏல, ஆளுக முன்னால பேரு சொல்லிக் கூப்பிடாத. டைரக்டர்னு சொல்லு" என்றான். "அப்ப என்னைய?" என்று கேட்டேன். "உன்னையும் அப்படித்தாம்ல கூப்பிடுவாங்க" என்றான். என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்பிடவில்லை. நான் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, இன்றுவரை அவனை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் நாங்கள் ஒரே சைக்கிளில் போனவர்கள். கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் இங்கிலீஷ் கௌபாய் படம் போட்டால் முதல் டிக்கெட் எங்களுடையது. வசனம் பாதி புரியாது. குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் புரிந்தால் போதாதா? படம் முடிந்ததும் கடற்கரைக்குப் போவோம். முத்துக்குளிப்பு நின்றுபோய், சங்கு குளிக்கிற தோணிகள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. அழுகிய சங்குச் சதையின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் எங்கள் கதையை நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். ஒரு வரி அவன் சொல்வான், அடுத்த வரி நான் சொல்வேன். எது யாருடையது என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. நோட்டின் அட்டையில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து, நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு எழுதியிருந்தோம். மூன்று மாதம் மூத்தவன் என்பதால் என் பெயர் முதலில். அதையும் அவனேதான் சொன்னான்.

தயாரிப்பாளர் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கதையைக் கேட்டதைவிட எங்கள் யோசனையைக் கேட்டுத்தான் மயங்கினார். அமெரிக்காவில் இருக்கிற பாலைவனம் உங்கள் கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது, தேரிக்காட்டுச் செம்மணலை விட்டால் தமிழ்நாட்டில் வேறு எங்கே கௌபாய் படம் எடுக்க முடியும் என்று கேட்டோம். அண்ணாச்சி வாசலில் வந்து நின்று, பிறந்ததிலிருந்து பார்த்த அந்த மணலைப் புதிதாகப் பார்த்தார். "ஏ, ஆமால்லா" என்றார். ஒரே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எங்கள் இருவர் கையிலும் சேர்த்துக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு பக்கம் தட்டைப் பிடித்து வாங்கிக்கொண்டோம். ஒரு தட்டு, ஒரு வாக்கு. அதன் அர்த்தம் அந்தக் கடையில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரியும்.

அந்தச் சமயம் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. என் மாமனார் யார் யாரையோ பார்த்து அங்கே எனக்கு ஒரு குமாஸ்தா வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். சேர வேண்டிய நாளும் ஷூட்டிங் தொடங்குகிற நாளும் ஒன்றாக வந்து நின்றன. வேலை வேண்டாம் என்றேன். மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஹார்பர் வேலைன்னா கடைசி வரைக்கும் சோறு மாப்ள. சினிமால என்ன இருக்கு?" என்று நிதானமாகக் கேட்டார். "பேர் இருக்கு மாமா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் படத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். திரையில் என் பெயர் வர வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும்.

தேரியில் எங்கள் அமெரிக்காவுக்கு வந்த முதல் தடங்கல் பனை. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு பனை வந்து நிற்கும். பனை தெரியக் கூடாது என்பதற்காகவே கேமராவைப் பள்ளத்தில் இறக்குவதும் மேட்டில் ஏற்றுவதுமாகப் பாதிப் பொழுது போய்விடும். இரண்டாவது தடங்கல் குதிரை. சென்னையிலிருந்து குதிரை கொண்டுவர அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் அத்தனை குதிரை வண்டி இருக்கும்போது எதற்கு என்றார். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சவாரிக்கு நிற்கிற வண்டிக் குதிரைகள் எட்டை நான் போய்ப் பேசிக் கூட்டிவந்தேன். கௌபாய் குதிரை எங்கேயாவது ஜல்ஜல் என்று வருமா என்று டைரக்டர் எல்லாச் சலங்கையையும் கழற்றச் சொன்னான். கழற்றினோம். கதாநாயகன் தொப்பியும் பூட்ஸுமாக ஏறி உட்கார்ந்து, கடிவாளத்தைச் சுண்டினான். குதிரை நின்றது. தட்டினான், குத்தினான், கெஞ்சினான். நின்றது நின்றபடியே நின்றது. மத்தியானம் வரை எட்டுக் குதிரையும் மணலில் நின்று தூங்கின. ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர்தான் கடைசியில், "சலங்கைச் சத்தம் கேக்காட்டா வண்டி பூட்டலன்னு நெனச்சுக்கிடும் தம்பி. பொறவு எங்கன நகரும்?" என்றார்.

அங்கே என் மண்டையில் பொறி தட்டியது. ஒரு சலங்கைப் பட்டையை எடுத்துக்கொண்டு கேமராவுக்கு இடப்பக்கம், படத்தில் விழாத தூரத்தில் போய் நின்று ஆட்டினேன். எட்டுக் குதிரையும் ஒன்றாகக் காதைத் திருப்பின. பிறகு ஓடி வந்தன பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம். யூனிட்டே கைதட்டியது. அன்றைக்கே எங்களுக்குள் வேலை பிரிந்துவிட்டது. பேச்சுக் காட்சியெல்லாம் அவனுக்கு, ஓட்டமெல்லாம் எனக்கு. கௌபாய் படத்தில் பேச்சு எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கொதிக்கிற செம்மணலில் சலங்கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். உள்ளங்கால் தோல் உரிந்தது. வில்லன் துப்பாக்கியைத் தூக்கினால் குதிரை டக்கென்று நின்றுவிடும், யாரோ சவாரிக்குக் கை காட்டுகிறார்கள் என்று. அதற்காகவே வில்லனை இடுப்பிலிருந்து சுடுகிறவனாக மாற்றினேன். அந்த ஸ்டைலைப் பிற்பாடு பத்திரிகையில் பாராட்டி எழுதினார்கள், டைரக்டரை.

படம் முடிந்து பிலிம் பெட்டிகளோடு டைரக்டர் சென்னைக்கு ரயில் ஏறினான். எடிட்டிங், டைட்டில் எல்லாம் அங்கேதான். வண்டி புறப்படுகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "டைட்டில்ல நம்ம பேரு எப்படி வரணும்னு எழுதிக் குடுல. உன் கையெழுத்துதான் அழகு" என்றான். பிளாட்பாரத்தில் நின்றபடி, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு பெயரையும் நடுவில் கோட்டையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எத்தனை வருஷமானாலும் என்னால் செரிக்க முடியாதது இதுதான். மறந்து போனான் என்று சொல்ல வழியில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ரிலீசான அன்று பகல் காட்சிக்கு மாமனாரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி அப்போது ஏழு மாதம். மாமனார் அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார். நடிகர்கள் பெயர் போயிற்று. ஒளிப்பதிவு போயிற்று. கதை, வசனம் என்று வந்தது. அவன் பெயர் மட்டும். சரி, டைரக்ஷனில் சேர்த்திருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நடுவில் ஒரு நீளப் பட்டியல் ஓடியது, தொப்பி தைத்தவர், சாப்பாடு போட்டவர் என்று. அதில் கடைசிக்கு முந்தின வரி, 'குதிரைகள் உதவி'. எதிரே என் பெயர். அதற்குப் பிறகு திரை முழுக்க ஒரே வரி, டைரக்ஷன், அவன் பெயர். எழுத்து என் எழுத்து. நான் கிழித்துக் கொடுத்த தாளில் அவன் பெயரை எப்படி வளைத்து எழுதியிருந்தேனோ அதே வளைவு.

என் மனைவி கைதட்டினாள். என் பெயர் வந்த இடத்தில், தியேட்டரில் ஒருத்தி மட்டும், பலமாக. "அப்பா, இங்க பாருங்க, இவுக பேரு!" என்றாள். மாமனார் என் பக்கம் திரும்பி, "பேரு வந்துட்டுல்லா மாப்ள. நல்லது" என்றார். குதிரைகள் என்ற வார்த்தையை அவர் படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் கூசியது. அவன்மேல் வந்த கோபத்தில் கொஞ்சம் அவள்மேலும் விழுந்தது. என்ன போட்டிருக்கிறான் என்றுகூடப் படிக்கத் தெரியாமல் தட்டுகிறாளே என்று நினைத்தேன். அந்த நினைப்பு லேசில் போகவில்லை.

சென்னைக்குப் போய் அவனைப் பார்த்தேன். காப்பி வரவழைத்தான். "ரெண்டு பேரு போட்டா இதுல எவன் டைரக்டர்னு விநியோகஸ்தர் கேக்கான்ல. நான் என்ன செய்ய? அப்படியும் உன் பேரை விடாமப் போட வச்சேன்லா?" என்றான், எனக்கு உபகாரம் செய்தவன் மாதிரி. கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். "வாரேன் டைரக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதோடும் முடியவில்லை. கிளைமாக்ஸில் வில்லன் நீளமாகப் பேசும்போது, அவன் தலைக்குப் பின்னால் ஒரு பனையேறி சாவகாசமாக மரத்திலிருந்து இறங்கி வருவார். ஊர் ஊராகச் சிரித்தார்கள். அது பேச்சுக் காட்சி, டைரக்டர் எடுத்தது. அண்ணாச்சி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அதக் குதிரைக்காரப் பய எடுத்தான்னு சொல்லுதான் தம்பி. நான் நம்பல" என்றார். அவர் நம்பவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த சம்பாத்தியம். அண்ணாச்சி அந்த ஒரு படத்தோடு கும்பிடு போட்டுவிட்டுக் கருப்பட்டிக்குத் திரும்பினார். டைரக்டர் குடும்பப் படங்கள் எடுத்தான், பக்திப் படம் எடுத்தான், மவுசு குறைந்தபின் டிவி தொடர்கள் எடுத்தான். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றேன். துறைமுக வாசல் வழியாகத்தான் தினமும் போய் வந்தேன்.

அவன் இறந்ததற்காக ஒரு டிவியில் போன வாரம் அந்தப் படத்தைப் போட்டார்கள். முதலில் அவனுடைய பழைய பேட்டி. குதிரையை எப்படி ஓட வைத்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். "ஒரு சலங்கையை எடுத்து ஆட்டிப் பார்ப்போமேன்னு எனக்குத் தோணுச்சும்மா" என்று சிரித்தான். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு படம் தொடங்கியது. நேரத்தை மிச்சம் பிடிக்க டைட்டில் முழுவதையும் வெட்டிவிட்டு, நேராகத் தேரிக்குப் போய்விட்டார்கள். நான் சாய்வு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எந்த வரியை நினைத்து ஆயுசு முழுக்கக் கூசினேனோ, அந்த வரி வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உங்க பேரு வரலியே" என்றாள் மனைவி. எனக்குச் சுருக்கென்றது. "வந்தா மட்டும் என்ன? அன்னைக்கு மாதிரி கைதட்டுவியா? குதிரைக்காரன்னு போட்டதுகூடப் புரியாம" என்றேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பக்கத்துல அப்பா இருந்தாவ. நான் தட்டலன்னா அவிய அந்த வரிய நல்லாப் படிச்சிருப்பாவ" என்றாள்.

இத்தனை வருஷம் அவள் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தேன். கதாநாயகன் குதிரையில் உட்கார்ந்திருந்தான். குதிரை அவனைச் சட்டை செய்யாமல் கழுத்தை இடப்பக்கம் திருப்பி, காதை நிமிர்த்தி, படத்தில் இல்லாத எதையோ பார்த்தது.

"அது யாரப் பாக்கு?" என்றாள்.

"என்னையத்தான்" என்றேன்.

அவள் எழுந்து போய் ஆணியிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். கையில் எடுத்து ஒரு தடவை ஆட்டினேன். திரையில் குதிரை ஓடத் தொடங்கியது.